ஹார்ட் டிஸ்க் போய்விட்டால்: வாரன்டி எதற்கு, சட்டம் எதற்கு?

ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று வருபவர்கள் முதலில் கேட்பது, "வாரன்டி இருக்கான்னு பாருங்க" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதில் இருந்தவற்றுக்கு வேறு எங்காவது நகல் இருக்கிறதா? டிஸ்க்கை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதா, டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோவதா, இப்போதைக்கு யாரிடமும் கொடுக்காமல் வைத்திருப்பதா என்பதெல்லாம் இதற்கான பதிலைப் பொறுத்துத்தான் முடிவாகும். வாரன்டியில் கொடுத்த டிஸ்க் பெரும்பாலும் திரும்பி வராது. அதற்குப் பதிலாக வேறொன்று வரும். கொடுத்தது நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிடும். அதில் இருந்த குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களும், பத்திர நகல்களும், கடையின் ஐந்து வருடக் கணக்கும் அதோடு போய்விடும்.

எந்த நிறுவனத்தின் வாரன்டி விதிகளை எடுத்துப் பார்த்தாலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: உள்ளே இருக்கும் தகவலுக்கு நாங்கள் பொறுப்பல்ல. ஆகவே டிஸ்க்கை மீட்பதும் தகவலை மீட்பதும் இரண்டு தனித்தனி விவகாரங்கள். டிஸ்க் விஷயத்தில் வாரன்டியும் நுகர்வோர் சட்டமும் நன்றாகவே கைகொடுக்கும். தகவல் விஷயத்தில் அவற்றால் செய்ய முடிவது குறைவு. இரண்டையும் ஒன்றாக நினைத்து அவசரப்படுவதால்தான் பலர் இரண்டையுமே இழக்கிறார்கள்.

முதலில் செய்ய வேண்டியது

டிஸ்க்கில் 'டிக் டிக்' என்றோ, எதையோ உரசுவது போலவோ சத்தம் வந்தால் உடனே மின் இணைப்பை எடுத்துவிடுங்கள். நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும் தட்டுகளுக்கு மேலே, தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில், படித்து எழுதும் ஹெட் மிதக்கிறது. அது தட்டைத் தொட்டுவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் காந்தப் பூச்சைச் சுரண்டிக்கொண்டே போகும். 'இன்னொரு தரம் ஆன் பண்ணிப் பார்ப்போம்' என்று செய்யும் ஒவ்வொரு முயற்சியிலும் மீட்கக்கூடியது குறைகிறது. ஃபிரீசரில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். நம் ஊர்க் காற்றில் அது இன்னும் வேகமாக நடக்கும்.

சத்தம் இல்லை, ஆனால் ஃபைல் திறக்க வெகுநேரம் ஆகிறது, காப்பி பாதியில் நிற்கிறது என்றால் டிஸ்க்கின் 'ஸ்மார்ட்' குறிப்புகளைப் பாருங்கள். தனக்கு என்ன ஆகிறது என்பதை டிஸ்க் தானே பதிந்து வைக்கும் கணக்கு அது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். 5, 197, 198 ஆகிய மூன்று வரிசைகளைக் கவனியுங்கள். 5 என்பது கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 என்பது திருத்தவே முடியாதவை. 197-இலும் 198-இலும் பூஜ்யத்துக்கு மேல் எண் வந்து, நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கை இனி நம்ப வேண்டாம். 199 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. நூறு, இருநூறு ரூபாய் சாட்டா கேபிளை மாற்றினால் சரியாகிவிடக்கூடிய விஷயத்துக்கு டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் உண்டு.

இந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். மாடல் பெயரும் சீரியல் நம்பரும் அதிலேயே தெரியும். டிஸ்க் நிறுவனத்தின் சொந்தச் சோதனை மென்பொருளையும் ஓட்டிப் பாருங்கள்; சீகேட்டுக்கு சீடூல்ஸ், வெஸ்டர்ன் டிஜிட்டலுக்கு டேஷ்போர்டு. "செக் பண்ணிட்டோம், டிஸ்க் நல்லாத்தான் இருக்கு" என்று சர்வீஸ் சென்டர் திருப்பித் தரும் நாளில், அவர்களுடைய கருவியே 'ஃபெயில்' என்று காட்டிய படத்துக்கு மதிப்பு அதிகம். ஆனால் உள்ளே நகல் இல்லாத முக்கியமான தகவல் இருந்தால் நீண்ட சோதனை எதையும் ஓட்டாதீர்கள். விண்டோஸின் 'செக் டிஸ்க்' கட்டளையையும் தொடாதீர்கள். பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் மேலேயே எழுதித் திருத்தப் பார்க்கும் வேலை அது. முதலில் டிடி-ரெஸ்க்யூ போன்ற மென்பொருளால் முழு டிஸ்க்கையும் இன்னொன்றுக்கு நகலெடுத்துவிட்டு, மற்ற பரிசோதனைகளை அந்த நகலில் செய்வதே முறை.

யு.எஸ்.பி.யில் செருகும் வெளி டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெட்டியை உடைத்து உள்ளே இருப்பதை நேராக கம்ப்யூட்டரில் மாட்டினால் வேலை செய்யும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வகை டிஸ்க்குகள் பலவற்றில் யு.எஸ்.பி. முனை டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். தகவலும் அந்தப் போர்டிலேயே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். உடைத்தால் வாரன்டி போவதுதான் மிச்சம்.

தகவலை மீட்டே ஆக வேண்டும் என்றால் ரெக்கவரி ஆய்வகத்துக்குப் போகுமுன் வாரன்டி தரும் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். டிஸ்க்கின் மூடியைத் திறந்தால் வாரன்டி முடிந்தது என்பது பொது விதி. ஆனால் தாங்கள் அங்கீகரித்த ஆய்வகம் திறந்து, அதற்குக் கடிதமும் கொடுத்தால் மாற்று டிஸ்க் தர ஒப்புக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. எந்த ஆய்வகம், என்ன கடிதம் வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு போங்கள். மேசை மேல் ஸ்குரூ டிரைவர் வைத்துக்கொண்டு மூடியைத் திறப்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். தூசி வடிகட்டிய அறை இல்லாமல் திறந்த டிஸ்க்கை அடுத்து வரும் நிபுணராலும் காப்பாற்றுவது கடினம்.

யார் தரும் வாரன்டி?

ஒரே மாதிரி டிஸ்க்கை மூன்று விதமாக வாங்கினால் மூன்று விதமான வாரன்டி. கடையில் தனியாகப் பெட்டியோடு வாங்கியதற்கு டிஸ்க் நிறுவனமே பொறுப்பு. லேப்டாப்புக்கு உள்ளே வந்ததற்கு லேப்டாப் நிறுவனம் பொறுப்பு. அந்த டிஸ்க்கின் சீரியல் நம்பரை சீகேட் தளத்தில் போட்டுப் பார்த்தால் 'இது வேறொரு தயாரிப்பின் பாகமாக விற்கப்பட்டது' என்ற மாதிரி பதில்தான் வரும். லேப்டாப்புக்கு ஒரு வருடம் என்றால் உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கும் ஒரு வருடம்தான். அதே மாடலைத் தனியாக வாங்கியவருக்கு மூன்று வருடம் இருந்தாலும் உங்களுக்கு இல்லை. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ பாகங்களைத் தேர்ந்தெடுத்து அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரன்டி. கடைக்காரர் 'மொத்தத்துக்கும் ஒரு வருஷம்' என்று வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். உங்கள் டிஸ்க்குக்கு இன்னும் இரண்டு வருடம் மிச்சம் இருக்கலாம்.

எத்தனை வருடம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். எல்லா டிஸ்க்குக்கும் ஐந்து வருடம் என்பது பழைய நினைப்பு. 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி விலை ஏறிய சமயத்தில், சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் சாதாரண வீட்டு டிஸ்க்குகளின் வாரன்டியைக் குறைத்தன. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் புளூ, கிரீன் வகைகளுக்கு 2012 ஜனவரி முதல் மூன்று வருடத்தை இரண்டாக்கியது. இன்று பொதுவாக வீட்டு டிஸ்க்குக்கு இரண்டு வருடம், சிசிடிவிக்கும் சிறு அலுவலக சேமிப்புப் பெட்டிக்கும் ஆனவற்றுக்கு மூன்று, உயர்ரகத்துக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டு, உங்கள் சீரியல் நம்பரை நிறுவனத்தின் தளத்தில் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. என்றால் வருடத்தோடு இன்னொரு வரம்பும் உண்டு. மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்று டெராபைட் கணக்கில் ஒரு எண் கொடுத்திருப்பார்கள். சாம்சங் 870 ஈவோ 1 டி.பி.க்கு ஐந்து வருடம் அல்லது 600 டெராபைட், எது முன்னால் வருகிறதோ அது. வீட்டு உபயோகத்தில் அந்த எண்ணைத் தொடுவது அரிது. நாள் முழுக்க வீடியோ வேலை செய்பவர்கள் பார்த்து வாங்க வேண்டும்.

துபாயில் இருந்தோ சிங்கப்பூரில் இருந்தோ உறவினர் வாங்கிவந்த டிஸ்க்கில் இன்னொரு சிக்கல். பல நிறுவனங்களின் வாரன்டி, விற்கப்பட்ட பகுதிக்குள் மட்டும்தான் செல்லும். இங்கே உள்ள சர்வீஸ் சென்டர் வாங்க மறுத்தால் அது விதிப்படியான மறுப்பாகவே இருக்கலாம். அங்கே வாங்கும்போது விலையில் மிச்சமாகும் தொகையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். இங்கேயே வாங்கினாலும், பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, புகார் செய்ய வேண்டிய எண் ஆகியவை ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது பொட்டலப் பொருட்களுக்கான 2011 சட்டமுறை எடையளவு விதி. அந்த ஸ்டிக்கர் இல்லாத டிஸ்க் குறுக்கு வழியில் வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பில்லில் ஒரு வரி

வாங்கும்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்வதைத்தான் நான் சொல்வேன். 'ஹார்ட் டிஸ்க் - 1' என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து, உங்கள் கையில் இருப்பது அந்த டிஸ்க்தான் என்று காட்ட முடியாது. 'பில் வேண்டாம்னா ஜி.எஸ்.டி. குறையும்' என்று எஸ்டிமேட் சீட்டு தருவதை ஏற்காதீர்கள். 18 சதவீதத்தை மிச்சப்படுத்தப் போய், நீங்கள் அந்தக் கடையின் வாடிக்கையாளர் என்ற ஆதாரத்தையே விட்டுக்கொடுக்கிறீர்கள். பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடவடிக்கை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்கிறது. பில் இல்லாதவர்களுக்கு வாரன்டியைத் தயாரிப்புத் தேதியில் இருந்து கணக்கிடும் வழக்கம் நிறுவனங்களிடம் உண்டு. டிஸ்க் கடையின் அலமாரியில் ஆறு மாதம் கிடந்திருந்தால் அந்த ஆறு மாதம் உங்கள் கணக்கில் கழியும். வெப்பத் தாளில் அச்சடித்த பில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும். அன்றைக்கே போனில் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

பழைய லேப்டாப், பழைய டிஸ்க் வாங்குபவர்களுக்குக் கடைக்காரர் 'டெஸ்டிங் வாரன்டி' என்று ஒன்று சொல்வார். ஒரு வாரமா, ஒரு மாதமா என்பதையும், பழுதானால் பணமா மாற்றா என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லைப் பின்னால் நிரூபிப்பது எளிதல்ல.

கொடுக்கும்போது

சர்வீஸ் சென்டர் கையில் கொடுக்கும் முன் டிஸ்க்கின் ஆறு பக்கத்தையும், கேபிள் செருகும் முனையையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். வாரன்டி மறுப்புக்குச் சொல்லப்படும் காரணங்களில் முதலிடம் 'பிசிகல் டேமேஜ்' என்பதற்குத்தான். நசுங்கல், உடைந்த பின், எரிந்த போர்டு, கிழிந்த ஸ்டிக்கர் என்று பிறகு எதைச் சொன்னாலும், கொடுக்கும்போது அது இல்லை என்று காட்ட உங்களிடம் படம் வேண்டும். ஒப்புகைச் சீட்டில் சீரியல் நம்பர், தேதி, 'வெளியே சேதம் எதுவும் இல்லை' என்ற குறிப்பு மூன்றும் இருக்க வேண்டும். கூரியரில் அனுப்புவதாக இருந்தால் நிலைமின் தடுப்பு உறையில் போட்டு, சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்காவது நுரை வைத்து அனுப்புங்கள். செய்தித்தாளில் சுற்றி அனுப்பியதை 'பேக்கிங் சரியில்லை' என்று நிராகரிக்க முடியும்.

தனிப்பட்ட தகவல் பற்றியும் அப்போதே யோசிக்க வேண்டும். இயங்காத டிஸ்க்கை அழிக்க முடியாது; அழிக்காததைக் கொடுத்தால் அதில் இருப்பதும் போகும். அதற்கு மாற்று, முன்கூட்டியே பிட்லாக்கர் போன்ற மறையாக்கத்தைப் போட்டு வைப்பது; சாவியை வேறிடத்தில் பத்திரப்படுத்தவும் வேண்டும். ஆடிட்டர், வழக்கறிஞர், மருத்துவர் போல அடுத்தவரின் ரகசியத்தை வைத்திருப்பவர்களுக்கு என் அறிவுரை வேறு: மறையாக்கம் செய்யாத டிஸ்க் பழுதானால் வாரன்டியை விட்டுவிடுங்கள். நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்காக நோயாளியின் ரிப்போர்ட்டை முன்பின் தெரியாத கிடங்குக்கு அனுப்புவது சரியல்ல. நிறுவனங்களுக்குக் கம்ப்யூட்டர் விற்கும் டெல் போன்றவை, பழுதான டிஸ்க்கை வாடிக்கையாளரே வைத்துக்கொள்ளும் வசதியைக் கூடுதல் கட்டணத்துக்குத் தருகின்றன. அலுவலகத்துக்கு வாங்குபவர்கள் வாங்கும்போதே கேட்கலாம்.

மாற்றாக வருவது புதிய டிஸ்க்காக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் பழுது நீக்கிச் சோதித்த டிஸ்க்தான் வரும். லேபிளிலும் அப்படிக் குறித்திருப்பார்கள். வாரன்டி விதியிலேயே அது சொல்லப்பட்டிருப்பதால் அதை மட்டும் வைத்துச் சண்டை போட இடமில்லை. வாரன்டியும் புதிதாகத் தொடங்காது. பழையதில் மிச்சமிருந்த காலம்தான் பெரும்பாலும் தொடரும். வந்ததும் ஸ்மார்ட் பார்த்துவிட்டு, முழு டிஸ்க்கையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதித்த பிறகு பயன்படுத்துங்கள்.

புதிது என்று விற்கப்படும் பழையது

மாற்று டிஸ்க் பழையதாக இருப்பது வேறு. காசு கொடுத்துப் புதிதாக வாங்கியது பழையதாக இருப்பது வேறு. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைசே இதழ் வெளிக்கொண்டுவந்த விஷயம் இது: உயர்ரக சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகள், முன்பு சியா என்ற கிரிப்டோ நாணயம் சேர்க்கப் பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை, ஸ்மார்ட் கணக்கு பூஜ்யமாக்கப்பட்டுப் புதியவையாகக் கடைகளுக்கு வந்திருந்தன. வாங்கியவர்களுக்கு உண்மையைக் காட்டியது 'ஃபார்ம்' என்று சீகேட் வைத்திருக்கும் இன்னொரு உள்கணக்கு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளின் 7.4 பதிப்பில் இருந்து அதைப் படிக்க முடியும். ஸ்மார்ட்டில் ஐந்து மணி நேரம், ஃபார்மில் இருபதாயிரம் மணி நேரம் என்று இருந்தால் வேறு ஆதாரமே வேண்டாம்.

நம் ஊரிலும் டிஸ்க் வாங்கிய அன்றே சீரியல் நம்பரை நிறுவனத் தளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள். புதிதாக வாங்கியதற்கு வாரன்டி ஏற்கெனவே பாதி போயிருந்தால் ஏதோ தவறு. சிசிடிவி மாட்டுபவர் பெட்டிக்குள் என்ன டிஸ்க் போட்டார் என்று நாம் திறந்து பார்ப்பதில்லை. அவரிடமும் சீரியல் நம்பரோடு பில் கேளுங்கள். பழையதைப் புதிது என்று விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவில் வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்ட நியாயமற்ற வணிக நடவடிக்கை. இங்கே வாரன்டி பற்றிப் பேசவே தேவையில்லை. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

எதிர்ப்பக்கம் ஒன்றும் சொல்ல வேண்டும். 1 டி.பி. என்று வாங்கியது விண்டோஸில் 931 என்று காட்டுவது ஏமாற்று அல்ல. நிறுவனம் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024-இன் மடங்கில் எண்ணுகிறது. அதை வைத்துப் புகார் கொடுத்தால் நிற்காது.

வாரன்டிக்கு வெளியே உள்ள உரிமை

இணையத்தில் தேடினால் 'இரண்டு வருடம் சட்டப்படி உத்தரவாதம் உண்டு', '30 நாளில் திருப்பித் தரலாம்' என்றெல்லாம் வரும். முன்னது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், பின்னது பிரிட்டனின் 2015 சட்டம். இந்தியாவில் எல்லாப் பொருளுக்கும் இத்தனை வருடம் என்று சட்டம் நிர்ணயிக்கவில்லை. அதற்காக வாரன்டி அட்டையில் எழுதியிருப்பது மட்டுமே உரிமை என்றும் ஆகிவிடாது. குறைபாடுள்ள பொருளை விற்றால் அதைச் சரிசெய்யவும், மாற்றவும், வட்டியோடு பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் உத்தரவிட நுகர்வோர் ஆணையத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று பில்லின் அடியில் அச்சிட்டிருந்தாலும், குறைபாடுள்ள பொருளைத் திருப்பி வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடவடிக்கைதான். பில்லில் காலவரம்பு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்பது 2(47) பிரிவின் கணக்கு. ஆகவே வாங்கிய முதல் மாதத்தில் போன டிஸ்க்குக்கு 'சர்வீஸ் சென்டருக்குப் போங்க' என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டாம். கடையிலேயே மாற்றுங்கள் என்று கேளுங்கள்.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு 2020 மின்வணிக விதிகள் கூடுதல் பலம். குறைபாடுள்ளதையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததையோ திருப்பி வாங்க விற்பனையாளர் மறுக்கக்கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 'ரிட்டர்ன் விண்டோ முடிஞ்சிடுச்சு' என்ற சாட் பதிலோடு நிற்காமல் அந்த அலுவலருக்கு நேராக எழுதுங்கள். பெயரும் தொடர்பும் தளத்திலேயே இருக்க வேண்டும்.

தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரா என்ற கேள்வி டிஸ்க் வழக்குகளில் அடிக்கடி வரும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான். இந்த எல்லையை உச்ச நீதிமன்றம் விளக்கிய முக்கியமான வழக்கு கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டுக்கு எதிராக லக்ஷ்மி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் நடத்தியது, 1995-இல் தீர்ப்பானது. தட்டச்சு இயந்திரம் வாங்கித் தானே தட்டச்சு செய்து பிழைப்பவர், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் போன்றவர்கள் நுகர்வோரே என்று அதில் சொல்லப்பட்டது. தனியாக ஸ்டூடியோ நடத்தும் புகைப்படக்காரரும், வீட்டில் இருந்தே டி.டி.பி. வேலை செய்பவரும் இந்த வரிசையில் வருவார்கள் என்று தாராளமாக வாதிடலாம். ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனம் சர்வருக்கு வாங்கியதற்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும்.

தகவல் போனதற்கு இழப்பீடு கேட்க முடியுமா? கேட்கலாம், தடையில்லை. ஆனால் 'நகல் ஏன் எடுத்து வைக்கவில்லை' என்பதே எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும்; வாரன்டி விதியையும் நீட்டுவார்கள். டிஸ்க் தானாகப் பழுதான வழக்கில் தகவலுக்கான தொகையை நம்பி இறங்காதீர்கள். வழக்கு வலுவாக இருப்பது வேறொரு சூழ்நிலையில். கீபோர்டு மாற்றக் கொடுத்த லேப்டாப்பை, உங்களைக் கேட்காமல் ஃபார்மட் செய்து திருப்பித் தந்தால் அது சேவைக் குறைபாடு. அதில் நீங்கள் 'டேட்டாவைத் தொட வேண்டாம்' என்று வேலைச் சீட்டில் எழுதியிருந்தால் எதிர்த்தரப்புக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. எந்த வேலைக்குக் கொடுத்தாலும் அந்த வரியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

புகார்

முதல் படி தொலைபேசி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். வழக்குக்கு முந்தைய கட்டம் இது. பெரிய நிறுவனங்கள் பல இந்த அமைப்போடு இணைந்திருப்பதால், வாரக்கணக்கில் பதில் தராத சர்வீஸ் சென்டர்கூட இந்த வழியில் போன புகாருக்கு அசைவதுண்டு. உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் எதுவும் இல்லை. 2019 சட்டத்தில் வந்த பெரிய நன்மை, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது. டிஸ்க்கை விற்ற தளம் பெங்களூரில் இருந்தாலும் தேனியில் இருப்பவர் தேனியிலேயே போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாக வீட்டில் இருந்தே தாக்கல் செய்யலாம். காணொலி விசாரணையும் கேட்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை.

கடை, டிஸ்க் நிறுவனம் அல்லது அதன் இறக்குமதியாளர், இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டுவார். நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் அவர்கள் பதில் தர வேண்டும். ஆணையம் இன்னும் 15 நாள் தரலாம். அதற்கு மேல் நீட்ட முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகம் ஆகும் என்று எண்ணிப் பொறுமையோடு இறங்குங்கள். டிஸ்க் உங்களிடம் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னால் கொடுக்க வேண்டியது அதுதான். உத்தரவு வந்தும் பணம் தராதவருக்கு 72ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமிருக்கிறது.

நாலாயிரம் ரூபாய் டிஸ்க்குக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டுமா என்று கேட்பார்கள். வாரன்டி காலத்துக்குள் பொய்க் காரணம் சொல்லி மறுத்தாலும், பழையதைப் புதிது என்று விற்றாலும் வேண்டும் என்றே சொல்வேன். அந்தக் கடைக்கு அடுத்து வருபவருக்கும் அதுதான் நடக்கும். வாரன்டி முடிந்து இரண்டு மாதம் கழித்துப் போன டிஸ்க்குக்கு வேண்டாம். அந்த நேரத்தைப் புது டிஸ்க் வாங்கி, முக்கியமானவற்றை இரண்டு இடத்தில் நகலெடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைப்பதற்குச் செலவிடுங்கள்.

வழக்குப் போடக் கெடு, பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு வருடம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. 'அடுத்த வாரம் வாங்க', 'ஸ்டாக் வரலை' என்று சொல்லிச் சொல்லியே அந்த இரண்டு வருடம் கரைந்துவிடும். வாய்மொழியாக மறுத்தால் அன்று மாலையே கடைக்கும் நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்ன தேதியில் வந்தேன், இந்த சீரியல் நம்பர் டிஸ்க்கை இன்ன காரணம் சொல்லி வாங்க மறுத்தீர்கள், 15 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் வழக்கின் முதல் ஆவணம் அந்த மின்னஞ்சல்தான்.